வீட்டிற்கோர் அச்சுப்பொறி

அச்சுக்கலை தமிழுக்கு வந்து நானூறு ஆண்டுகளுக்கு மேலாகின்றன. 1578-ஆம் ஆண்டில் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ என்னும் 16 பக்கச் சிறுநூல் தமிழெழுத்தில் அச்சேறியது. அன்று ஒரு பக்கத்தை அச்சிட வேண்டுமாயின் எழுத்தை வார்ப்பவர் ஒருவர், எழுத்தைக் கோப்பவர் ஒருவர், மை தடவுபவர் ஒருவர், பொறியை அழுத்துபவர் ஒருவர் எனப் பலர் கூடி உழைத்தல் வேண்டும். ஊருக்கு ஓர் அச்சகம் இருந்தாலே அது பெருமைக்குரிய செய்தி. நூலைப் படிப்பவர் வேறு, அச்சிடுபவர் வேறு. இருவர்க்கும் இடையே இருந்த தொலைவு மிகப் பெரிது.

பள்ளிகளிலும் அச்சு எளிதில் கைக்கு எட்டியதில்லை. மலேசியத் தமிழ்ப் பள்ளிகளில் முன்னாளில் தேர்வுத்தாள் தயாரித்த ஆசிரியர்கள் ‘ஸ்டென்சில்’ எனப்படும் மெழுகுத்தாளையும் ‘சைக்ளோஸ்டைல்’ பொறியையும் நன்கு அறிவர். மெழுகுத்தாளில் எழுத்துகளைக் கீறி, மையுருளையில் பொருத்திக் கைப்பிடியைச் சுற்றினால் படிகள் ஒவ்வொன்றாக வெளிவரும். ஓரிடத்தில் பிழை நேர்ந்தால் திருத்து மையைத் தடவி, அஃது உலரும்வரை காத்திருந்து மீண்டும் எழுத வேண்டும். பணி முடிந்தபின் விரலில் ஒட்டிய கறை இரண்டு நாளேனும் போகாது. இன்று அத்தனை வேலையையும் வீட்டுக் கூடத்தில், மேசையின் ஒரு மூலையில் அமர்ந்திருக்கும் சிறுபொறி செய்து முடிக்கின்றது. அச்சிடுதல், படியெடுத்தல், தாளைப் படமாக்கிக் கணினியில் சேர்க்கும் வருடுதல் ஆகிய மூன்றையும் ஒன்றே செய்வதால் அதனைப் பல்பணி அச்சுப்பொறி என்பர்.

மலேசிய இல்லங்கள் பலவற்றில் இப்பொறியின் தேவை உணரப்பட்டது பெருந்தொற்றுக் காலத்தில்தான். 2020-ஆம் ஆண்டு மார்ச் 18-ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. பள்ளிக் கதவுகள் மூடப்பட்டன. ஆசிரியர்கள் பயிற்சித் தாள்களைப் புலனம் வழியாக அனுப்பினர். திறன்பேசியின் சிறு திரையில் வினாவைப் பார்த்துப் பார்த்துக் குறிப்பேட்டில் எழுதிய பிள்ளைகள் ஒருபுறம். தாளில் அச்சிட்டுப் பெற்று அதிலேயே விடையெழுதிய பிள்ளைகள் மறுபுறம். ஒரே வகுப்பில் பயின்ற பிள்ளைகளிடையே இப்படியொரு வேற்றுமை தோன்றியது. இல்லிருப்புக் கற்றல் முடிந்து பள்ளிகள் மீண்டும் திறந்த பின்னரும் கோப்புகளை அனுப்பும் பழக்கம் நின்றுவிடவில்லை. ஆகவே, வீட்டில் அச்சுப்பொறி வைத்திருப்பது ஆடம்பரமா, தேவையா என்னும் வினா எளிய குடும்பங்களின் வாசலிலும் வந்து நிற்கின்றது.

இவ்வினாவை எதிர்கொண்ட ஒரு குடும்பத்தை இங்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். அது கிள்ளான் வட்டாரத்துத் தாமான் ஒன்றில் வாழும் குடும்பம். தந்தை துறைமுகத்தில் பளுதூக்கி ஓட்டுபவர். தாய் பாலர்பள்ளி ஆசிரியை. மூத்த மகள் ஐந்தாம் படிவத்தில் எஸ்.பி.எம். தேர்வுக்கு ஆயத்தமாகின்றாள். மகன் ஆறாம் ஆண்டிலும் இளைய மகள் இரண்டாம் ஆண்டிலும் தமிழ்ப் பள்ளியில் பயில்கின்றனர். இவர்களோடு, இளமையில் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய பாட்டியும் இருக்கின்றார். அச்சுப்பொறிக்கென்று அவர்கள் ஒதுக்கி வைத்திருந்த தொகை 300 ரிங்கிட்.

கடையில் 250 ரிங்கிட் விலையுள்ள பொறியைக் கண்டதும் தந்தையின் மனம் நிறைந்தது. கையிருப்புக்குள் அடங்குகின்றது; மீதமும் இருக்கின்றது. அதனை எடுத்துவர அவர் முனைந்தபோது மூத்த மகள் தடுத்தாள். “அப்பா, பொறியின் விலையைப் பார்த்துவிட்டோம், மையின் விலையைப் பார்க்கவில்லையே” என்றாள். “கையில் இருப்பது முந்நூறு. அதற்குள் வருவதை வாங்குவதுதானே முறை, அம்மா?” என்றார் தந்தை. வீடு திரும்பியதும் இவ்வழக்கு பாட்டியின் முன் வைக்கப்பட்டது. பொறியைப் பற்றி அவர் ஒன்றும் அறியார். ஆயினும், “சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று சொல்வார்களே, அதை முதலில் பாருங்கள்” என்றார். அச்சுப்பொறி வாங்குவோர் அனைவரும் நெஞ்சில் நிறுத்த வேண்டிய அறிவுரை அந்தப் பழமொழியில் அடங்கியிருக்கின்றது.

பொறி ஒருமுறை வாங்கப்படுவது. மை மீண்டும் மீண்டும் வாங்கப்படுவது. பொறியைக் குறைந்த விலைக்குக் கொடுத்து, மையின் வாயிலாக ஊதியம் காண்பது இவ்வணிகத்தில் நெடுநாளாக நிலவும் முறை. இதில் மறைவு ஒன்றும் இல்லை. பொறியின் விலையும் மையின் விலையும் கடையில் அருகருகேதான் எழுதப்பட்டிருக்கின்றன. இரண்டையும் சேர்த்துப் படிக்கும் பொறுமைதான் வேண்டும்.

அப்பொறுமைக்கு முதற்படி எண்ணிப் பார்த்தல். தாய் ஒரு குறிப்பேட்டை எடுத்து, ஒரு மாத காலம் வெளியே அச்சிட்ட பக்கங்களை எழுதி வந்தார். இளையவளின் பயிற்சித் தாள்கள் 34. மகனின் பயிற்சிகள் 28. மூத்தவளின் பாடக் குறிப்புகள் 22. அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், விண்ணப்பப் பாரம் முதலியவற்றின் படிகள் 12. வண்ணப் படங்கள் 4. ஆக, அம்மாதம் 100 பக்கங்கள். அவற்றுள் 96 பக்கங்களுக்குக் கறுப்பு மையே போதும். இக்குறிப்பு கையில் வந்த பிறகு பேச்சின் போக்கே மாறியது. எந்தப் பொறி அழகியது, எது விரைவானது என்ற பேச்சு போய், மாதம் நூறு கறுப்பு வெள்ளைப் பக்கங்களைக் குறைந்த செலவில் தருவது எது என்ற தெளிவான வினா பிறந்தது.

விடை காண்பதற்கு முன், இப்பொறி எவ்வாறு இயங்குகின்றது என்பதை மாணவர்கள் அறிதல் நன்று. கடைகளில் ‘இங்க்ஜெட்’ என வழங்கும் மைபீச்சு அச்சுப்பொறியின் தலைப்பகுதியில் மயிரிழையினும் நுண்ணிய துளைகள் நூற்றுக்கணக்கில் உள்ளன. அவற்றிலிருந்து தெறிக்கும் மைத்துளிகள் தாளில் படிந்து எழுத்தாகவும் படமாகவும் உருப்பெறுகின்றன. அத்துளியின் அளவைப் பிக்கோலிட்டரால் அளப்பர். பிக்கோலிட்டர் என்பது ஒரு லிட்டரின் இலட்சம் கோடியில் ஒரு பங்கு.

துளியைத் தெறிக்கச் செய்யும் முறைகள் இரண்டு. ஒன்று வெப்ப முறை. 1977-ஆம் ஆண்டில் ஜப்பானியக் கேனன் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில், உலோகம் பற்றவைக்கும் சூட்டுக்கோல் மை நிறைந்த ஊசியின்மீது தற்செயலாகப் பட்டது. ஊசிமுனையிலிருந்து மை தெறித்தது. அதனைக் கண்ட ஆய்வாளரின் சிந்தனை இம்முறைக்கு வழிவகுத்தது. அமெரிக்காவிலும் ஹியூலட் பேக்கார்டு நிறுவனத்தார் இதே கருத்தைத் தாமே கண்டறிந்து, 1984-ஆம் ஆண்டில் தம் முதல் வெப்பமுறைப் பொறியை விற்பனைக்குக் கொணர்ந்தனர். மின்சூட்டால் மையில் ஒரு குமிழி எழும். அக்குமிழி மையை வெளியே தள்ளும். மற்றொன்று அழுத்த முறை. மின்னோட்டம் பட்டதும் வளையும் ஒருவகைப் படிகப் பொருள் மையை அழுத்தித் துளியாக வெளியேற்றும். எப்சன் நிறுவனத்தின் பொறிகள் இம்முறையைக் கையாள்கின்றன. இவ்விரு முறைகளுள் எதுவாயினும் வீட்டுப் பணிக்குப் போதுமானதே. குடும்பத்தின் பணப்பையைத் தொடும் வேறுபாடு மை வைக்கப்பட்டிருக்கும் கலத்தில் உள்ளது.

‘கார்ட்ரிட்ஜ்’ எனப்படும் மைப்பெட்டியைக் கொண்டவை ஒரு வகை. பெட்டி சிறிது, மையும் சிறிது. தீர்ந்தால் பெட்டியையே மாற்ற வேண்டும். பல பொறிகளில் சிவப்பு, மஞ்சள், நீலம் சார்ந்த மூன்று வண்ணங்களும் ஒரே பெட்டியில் இருக்கும். அவற்றுள் ஒன்று தீர்ந்தால் மற்ற இரண்டும் மீந்திருந்தும் பெட்டி முழுவதையும் எறிய நேரும். மைத்தொட்டியைக் கொண்டவை மற்றொரு வகை. இவற்றில் புட்டியிலிருந்து மையைத் தொட்டியில் ஊற்றிக்கொள்ளலாம். மைப்பெட்டியின் விலை தாளாத மக்கள், வெளியே புட்டிகளை வைத்துக் குழாய் வழியாகப் பொறிக்கு மை செலுத்தும் வழியைத் தாமே கண்டுகொண்டனர். அதன் பின்னர் 2010-ஆம் ஆண்டில் எப்சன் நிறுவனம் தொட்டியோடு கூடிய பொறியை முதன்முதலாக இந்தோனேசியாவில் விற்பனைக்கு விட்டது. பிற நிறுவனங்களும் பின்னர் அவ்வழி வந்தன. எளிய மக்களின் சிக்கனம் பெருநிறுவனங்களின் போக்கையே மாற்றிய செய்தி இது.

இனிக் கணக்குக்கு வரலாம். கடைக்குக் கடை விலை மாறும். ஆதலால் பின்வரும் எண்களை வழிமுறை விளங்குவதற்கான எடுத்துக்காட்டாக மட்டும் கொள்ள வேண்டும். மைப்பெட்டிப் பொறியின் விலை 250 ரிங்கிட். கறுப்பு மைப்பெட்டி 45 ரிங்கிட். அது 300 பக்கங்களுக்கு வரும் என்க. பக்கத்துக்கு 15 சென் ஆகின்றது. மைத்தொட்டிப் பொறியின் விலை 600 ரிங்கிட். ஒரு புட்டிக் கறுப்பு மை 36 ரிங்கிட். அது 4,500 பக்கங்களுக்கு வரும் என்க. பக்கத்துக்கு 0.8 சென் ஆகின்றது. பொறி விலையில் வேறுபாடு 350 ரிங்கிட். மைச் செலவில் வேறுபாடு பக்கத்துக்கு 14.2 சென். முன்னதைப் பின்னதால் வகுத்தால் ஏறத்தாழ 2,465 பக்கங்கள் வரும். அத்தனை பக்கங்களை அச்சிட்ட பிறகே தொட்டிப் பொறி தன் கூடுதல் விலையை ஈடுசெய்கின்றது.

மாதம் 200 பக்கம் அச்சிடும் வீட்டில் அந்நாள் ஓராண்டு கடந்த சிறிது காலத்தில் வந்துவிடும். மாதம் 100 பக்கம் அச்சிடும் வீட்டில் இரண்டாண்டுக்குச் சற்று மேலாகும். மாதம் 30 பக்கம் மட்டும் அச்சிடும் வீட்டிலோ ஏறத்தாழ ஏழாண்டு ஆகும். அதற்குள் பொறியே பழுதாகிவிடக்கூடும். ஆகவே தொட்டிப் பொறி எல்லார்க்கும் ஏற்றது என்பதும் தவறு. மைப்பெட்டிப் பொறி எல்லார்க்கும் தீது என்பதும் தவறு. மாதம் பத்துப் பக்கம்கூட அச்சிடாத வீட்டார்க்கு எப்பொறியும் வேண்டுவதில்லை. கடையில் பக்கத்துக்கு 30 சென் கொடுத்தாலும் அவர்களுக்கு ஆண்டுக்கு 36 ரிங்கிட்டுக்கு மேல் ஆகாது. வாங்காமல் இருப்பதும் ஒரு தேர்வே.

கணக்கில் எளிதில் புலப்படாத செலவுகளும் சில உண்டு. மைப்பெட்டியின்மேல் குறிக்கப்படும் பக்க எண்ணிக்கை, பன்னாட்டுத் தரப்படுத்தல் அமைப்பின் 24711 எண்ணுள்ள தரமுறைப்படி, குறித்த மாதிரிப் பக்கங்களைத் தொடர்ந்து அச்சிட்டுக் காணப்படுவது. வீட்டிலோ இன்று மூன்று பக்கம், அடுத்த வாரம் ஐந்து பக்கம் என அச்சிடுகின்றோர் மிகுதி. இடைவெளி நீளுந்தோறும் பொறி தன் தலைப்பகுதியைத் தூய்மைப்படுத்த மையைச் செலவிடும். அதனால் குறிக்கப்பட்ட எண்ணிக்கை வீட்டில் கிடைப்பதில்லை. புதுப்பொறியோடு வரும் மைப்பெட்டியில் மை குறைவாக இருப்பதும் உண்டு. தொட்டிப் பொறியிலும் முதல் நிரப்பின்போது மையின் ஒரு பகுதி குழாய்களையும் தலைப்பகுதியையும் நிரப்புவதற்கே போய்விடும்.

தூய்மை செய்தபோது வடியும் மை, பொறியின் உள்ளே ஒரு பஞ்சில் சேர்கின்றது. அப்பஞ்சு நிறைந்தால் பொறி வேலை செய்ய மறுக்கும். அதனை வீட்டாரே கழற்றி மாற்றத்தக்க பொறிகளும் உள்ளன; பணிமனைக்கு எடுத்துச் செல்ல வேண்டிய பொறிகளும் உள்ளன. வாங்குமுன் இதனைக் கேட்டறிதல் நலம். மேலும், வேலை முடிந்தவுடன் சுவரிலுள்ள மின்விசையை அணைத்துவிடும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. சிக்கனம் கருதிய பழக்கமாயினும் அச்சுப்பொறிக்கு அஃது ஆகாது. பொறியிலுள்ள பொத்தானை அழுத்தி அணைத்தால்தான் தலைப்பகுதி தன் இடத்துக்குச் சென்று மூடிக்கொள்ளும். இல்லையேல் துளைகளில் மை உலர்ந்து அடைத்துக்கொள்ளும். வாரம் ஒருமுறையேனும் ஒரு பக்கம் அச்சிடுவது அவ்வடைப்பைத் தவிர்க்கும்.

துளை அடைபடுவது தமிழர்க்கு அழகுக் குறை மட்டுமன்று, பொருட்குறையும் ஆகும். ஓலையில் எழுதிய முன்னோர், புள்ளியிட்டால் ஏடு கிழியும் என்பதால் புள்ளியின்றி எழுதினர். அவற்றைப் பதிப்பித்த அறிஞர்கள் மெய் எது, உயிர்மெய் எது என்று அறிய இடர்ப்பட்டனர். அடைபட்ட துளையும், மையை மிச்சப்படுத்தும் மங்கல் அச்சும் அவ்விடரை மீண்டும் கொணரும். ‘பல்’ என்பது ‘பல’ ஆகும். ‘கண்’ என்பது ‘கண’ ஆகும். சொல்லை இப்போதுதான் கற்கும் இரண்டாம் ஆண்டுக் குழந்தை, தாளில் கண்டதையே சரியெனக் கொள்ளும். ஆகவே பொறியைக் கடையில் சோதிக்கும்போது ஆங்கில எழுத்துகளோடு நின்றுவிடாமல், மெய்யெழுத்துகள் மிகுந்த ஒரு தமிழ்ப் பக்கத்தைச் சிறிய எழுத்தில் அச்சிட்டுப் பார்த்தல் வேண்டும். புள்ளி ஒவ்வொன்றும் தெளிவாக நின்றால் அப்பொறி தமிழ் வீட்டுக்கு ஏற்றது.

மையின் தன்மையும் நோக்கத்தக்கது. நீரில் கரையும் சாயமை ஒன்று. நுண்ணிய நிறமித் துகள்கள் கலந்த நிறமிமை மற்றொன்று. சாயமை வண்ணப் படங்களுக்குப் பொலிவு தரும்; ஆனால் சாதாரணத் தாளில் ஈரம் பட்டால் கலங்கும். நிறமிமை ஈரத்தை ஓரளவு தாங்கும். புத்தகப் பையில் மழைநீர் புகுவதும், குறிப்புகளின்மேல் வண்ணக் கோலால் கோடிடுவதும் மாணவர் வாழ்வில் நாள்தோறும் நிகழ்பவை. எனவே கறுப்பு மையேனும் நிறமிமையாக இருத்தல் நன்று. மலேசியாவின் ஈரக்காற்று தாளையும் விட்டுவைப்பதில்லை. உறையைப் பிரித்து வெளியே கிடக்கும் தாள் ஈரத்தை உறிஞ்சி வளையும், பொறிக்குள் சிக்கும். தேவையான தாளை மட்டும் எடுத்துக்கொண்டு, எஞ்சியதை உறைக்குள்ளேயே மூடி வைக்க வேண்டும்.

அச்சிடும் பணியைப் பற்றியே பேசுவோர் வருடும் பணியை மறந்துவிடுகின்றனர். அக்குடும்பத்தில் அதனை நினைவூட்டியவர் பாட்டியே. அவருடைய தகரப் பெட்டியில், தோட்டத்து லயத்தின் முன் கணவரோடு நின்று எடுத்த ஒரே புகைப்படம் இருந்தது. கணவரின் பழைய அடையாள அட்டையும் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களும் இருந்தன. மடிப்புகளில் அவை கிழியத் தொடங்கியிருந்தன. “இவற்றை அந்தப் பெட்டி காப்பாற்றுமா, ஐயா?” என்று மகனிடம் அவர் கேட்டார். காப்பாற்றும். கண்ணாடித் தட்டின்மேல் தாளை வைத்து மூடினால் அதன் உருவம் படமாகப் பதிந்துவிடும். எழுத்துள்ள தாளுக்கு ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள் போதும். பழைய புகைப்படத்துக்கு 600 புள்ளிகள் வைத்துக்கொள்ளலாம். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, மக்கள் ஊர்விட்டு ஊர் பெயர்ந்த வரலாறு உடைய சமுதாயத்தில், ஒரு தாளைக் காப்பது பல வேளைகளில் ஒருவரின் உரிமையைக் காப்பதாகும்.

பல தாள்களைத் தானே ஒவ்வொன்றாக இழுத்து வருடும் அமைப்பும் சில பொறிகளில் உண்டு. கட்டுக் கட்டாகத் தாள் கையாளும் அலுவலகத்துக்கு அது பயன்படும். மடிந்த பழைய சான்றிதழை அதில் இட்டால் கிழிந்துவிடும். அதற்குக் கண்ணாடித் தட்டே ஏற்றது. தாளின் இருபுறமும் தானே அச்சிடும் வசதி இருந்தால் தாள் செலவு குறையும். இல்லாவிடினும், ஒருபுறம் அச்சிட்டபின் கையால் திருப்பி வைத்து அச்சிடலாம். கணினியின்றித் திறன்பேசியிலிருந்தே அச்சிட உதவும் அருகலை இணைப்பு, ஒரே மடிக்கணினி உள்ள வீட்டுக்கு இன்றியமையாதது. தொலைநகல் போன்றவற்றுக்குப் பணம் கொடுப்பது வீண். மை எளிதில் கிடைக்கின்றதா, பழுதானால் எங்கே கொண்டு செல்வது, பிற நிறுவனத்தார் மையைப் பொறி ஏற்குமா, உத்தரவாதம் எத்தனை ஆண்டு என்னும் நான்கையும் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.

இவற்றையெல்லாம் எண்ணிப் பார்த்த அக்குடும்பம் 600 ரிங்கிட் மைத்தொட்டிப் பொறியைத் தேர்ந்தெடுத்தது. ஆனால் கையில் இருந்ததோ 300 ரிங்கிட். கடனட்டையை நீட்டி அன்றே எடுத்துவர வழியிருந்தும் அவர்கள் அதனை நாடவில்லை. மேலும் இரண்டு மாதம் பொறுப்பது என்று முடிவு செய்தனர். அவ்விரண்டு மாதமும் தந்தை மிகைநேரப் பணி செய்தார். பிள்ளைகள் கடையிலேயே அச்சிட்டுக்கொண்டனர். மலிவான பொறியை அன்றே வாங்கியிருந்தால் வீடு உடனே மகிழ்ந்திருக்கும், ஆனால் மைப்பெட்டி தீரும் ஒவ்வொரு முறையும், “இதை அச்சிடத்தான் வேண்டுமா?” என்று பிள்ளைகளைக் கேட்க நேர்ந்திருக்கும். கற்க விரும்பும் பிள்ளை தாளுக்கும் மைக்கும் தயங்கி நிற்பதைக் காண்பது பெற்றோர்க்குப் பெருந்துன்பம். அத்துன்பத்தைத் தவிர்க்கவே தந்தை இரண்டு மாத உழைப்பைக் கொடுத்தார்.

பொறி வந்ததோடு பொறுப்பு முடிந்துவிடுவதில்லை. வருடுவதும் படியெடுப்பதும் எளிதாகிவிட்டதால் நூல் முழுவதையும் படியெடுக்கும் ஆசை எழக்கூடும். மலேசியாவில் 1987-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் நூலாசிரியரின் உரிமையைக் காக்கின்றது. சட்டத்தினும் மேலாக மனச்சான்று ஒன்று உண்டு. இந்நாட்டுத் தமிழ் எழுத்தாளர் பலர் தம் சேமிப்பைக் கரைத்துச் சில நூறு படிகள் அச்சிட்டு, அவற்றை நண்பர்களிடமும் பள்ளிகளிடமும் விற்று முதலைத் தேற்றுகின்றனர். அத்தகைய நூலைத் திருட்டுப் படியெடுத்து வகுப்பில் வழங்குவது, தமிழ் வளர்க்கின்றோம் என்று சொல்லிக்கொண்டே தமிழை எழுதுபவரின் கையை ஒடிப்பதாகும். ஒரு பக்கம் தேவையாயின் படியெடுக்கலாம். நூல் தேவையாயின் வாங்க வேண்டும்.

ஆசிரியர்களும் ஒன்றைச் சிந்தித்தல் வேண்டும். அனுப்புவது எளிது என்பதற்காக நாள்தோறும் பத்துப் பக்கப் பயிற்சியை அனுப்பினால் அதன் செலவு பெற்றோரின் தோளில் ஏறுகின்றது. அச்சுப்பொறி இல்லாத வீட்டுப் பிள்ளை மறுநாள் வெறுங்கையோடு வகுப்பில் நிற்கின்றது. அனுப்புமுன் இரண்டு பக்கத்தில் அடக்க முடியுமா, கரும்பலகையில் எழுதிப் போட்டால் போதுமா என்று எண்ணிப் பார்ப்பது கற்பித்தல் நெறியைச் சேர்ந்ததே. பின்புலம் முழுவதும் வண்ணம் தீட்டிய தாள் மையைக் குடிக்கும். கற்றலுக்கு அந்த வண்ணத்தால் பயன் சிறிதே.

பிறர் ஆக்கிய தாள்களைப் பெருக்குவது இப்பொறியின் ஒரு பயன் மட்டுமே. முன்பு தமிழ்ப் பள்ளிகளில் மாணவர் தாமே எழுதித் தைத்துச் சுற்றுக்கு விட்ட கையெழுத்து ஏடுகள் எழுத்தார்வத்தை வளர்த்தன. அவற்றில் ஒரு படிதான் இருக்கும்; அது கை மாறிக் கை மாறி நைந்துபோகும். இன்று வீட்டில் பிள்ளை எழுதும் ஒரு கதையை, ஒரு கடிதத்தை, பாட்டி சொல்லக் கேட்டு எழுதிய தோட்டத்து வாழ்க்கையைத் தட்டெழுதி, நான்கு தாளில் இருபுறமும் அச்சிட்டு, மடித்துத் தைத்தால் 16 பக்கச் சிறுநூல் ஒன்று உருவாகும். மேற்கூறிய கணக்கின்படி அதற்குச் செலவாகும் கறுப்பு மை 15 சென்னுக்கும் குறைவு. தன் எழுத்து அச்சில் நிற்பதைக் காணும் குழந்தை அடுத்த முறை இன்னும் கருத்தோடு எழுதும். பிழையைத் தானே தேடித் திருத்தும். விலையையும் மையையும் தாளையும் கணக்கிட்டுப் பொறியைத் தேர்ந்தெடுக்கும் பெற்றோர், பிள்ளையின் எழுத்துக்கென்று அக்கணக்கில் மாதம் சில பக்கங்களை ஒதுக்கி வைப்பாராக.